அத்தை ஸுபைதாவின் உடல்நலம்

ஐன் பல்லூத்
14 அக்டோபர் 1994

அன்பு மகள் துரய்யாவுக்கு,

முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும், தெரியும். ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறாள். அதனால் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் சுகாதார நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். நகரசபை உறுப்பினன் என்ற முறையில் நானும் பெருநாளைக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தலைவர் ஸி தாவுதி பேச ஆரம்பித்தார். அவர் பேச்சு உனக்குத் தெரியும். கால் வலித்தது, பின்னால் இருந்த சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு எல்லோரும் ஊர்வலமாகக் கடைத்தெரு வழியாக நடந்தோம். பின்னால் வருகிறவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் கசாப்புக்காரன் கமீஸ் சொன்னான்: "ஸி லஸ்ஹர், முதுகுல மட்டும் பனி பெஞ்சிருக்கே, ஒங்களுக்குன்னு தனி வானமா?" சுவரின் பாதிச் சுண்ணாம்பு என் கோட்டில் இருந்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டைக் காலருக்குள் மண்ணும் இருந்தது.

அந்தச் சுவருக்கும் எனக்கும் உறவு உண்டு. நகரசபை தன் விருப்பத்துக்கு நிலம் வாங்கவோ புதுக் கட்டடம் கட்டவோ முடியாது. சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் தலைநகரிலிருந்து அனுமதி வர வேண்டும், அது வருவதற்குள் நோயாளிகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் கையெழுத்துப் போட்டவர் சிறைக்குப் போவார். ஆனால் மராமத்து என்றால் அந்தச் சட்டம் கிட்டே வராது. போன வருஷம் தலைவர் என் சவரக்கடை நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்து புலம்பினார்: "இடிச்சுக் கட்டினா கட்டடங்கிறான். பூசினா ஒழுகுது. என்னய்யா செய்யறது?"

நான் நுரையைக் குழைத்துக்கொண்டே, "அந்தக் காலத்துல பையனுங்களுக்கு மழிச்சுட்டு உச்சியில ஒரு குடுமி விடுவோமே, அது மொட்டை ஆகாதுங்க. முடிவெட்டுதான்" என்றேன். முடியைப் பற்றித்தான் சொன்னேன். அவர் முகம் முழுக்க நுரையோடு எழுந்துவிட்டார். "அப்ப ஒரு சுவர விட்டுட்டு மத்ததெல்லாம் இடிச்சா, அது மராமத்து!"

அப்படியே செய்தார்கள். மூன்று பக்கமும் கூரையும் புதுசு, ஒரு பக்கம் மட்டும் பழசு. சபையில் அதற்கு 'லஸ்ஹர் குடுமி' என்றே பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் சட்டத்தையே ஜெயித்துவிட்டானாம். கடை சபையுடையதுதானே, அதன் வாடகையைக்கூட இந்த வருஷம் ஏற்றவில்லை.

நீ அங்கே தனியாக எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறாய்? அம்மா ஆலிவ் எண்ணெயும் ஹரிஸா மிளகாய் விழுதும் அனுப்புகிறாள். குளிருக்கு முன்னால் காலுறை வாங்கிக்கொள்.

உன் பாபா,
லஸ்ஹர்


ஹென்ஷிர் லூஸ்
6 நவம்பர் 1994

என் பாபாவுக்கும் உம்மிக்கும் ஸலாம்.

நான் சுகம். எண்ணெய் வந்தது, பாதி வழியிலேயே சிந்திவிட்டது, ஆனால் பையெல்லாம் நம் வீட்டு வாசனை. உங்கள் கோட்டுக் கதையைப் படித்துவிட்டு வகுப்பில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிள்ளைகள், "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

பாபா, உங்கள் குடுமி இங்கேயும் வந்துவிட்டது. இந்தப் பள்ளியின் பெரிய அறையைப் போன கோடையில்தான் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொன்னால் தலைமையாசிரியர் ஸி அம்மாருக்குக் கோபம் வரும். "மராமத்து, மராமத்து" என்று திருத்துவார். மலைப்பக்கத்துச் சுவர் மட்டும் பழசு. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடுகிறது, அதை மறைக்க ஆப்பிரிக்கா வரைபடத்தை மாட்டியிருக்கிறார்கள். நைல் நதிக்குப் பின்னால் இன்னொரு நதி. காற்றடித்தால் எகிப்து லேசாக உப்பி அடங்குகிறது. என் மேசை அதற்குக் கீழேதான். பென்சிலை வைத்தால் சுவரை நோக்கி உருண்டு போகிறது, அதனால் எழுதி முடித்ததும் காதில் செருகிக்கொள்கிறேன். தச்சர் மாதிரி இருக்கிறேனாம்.

உங்கள் இடுப்பு வலி எப்படி? உம்மிக்கு ரத்த அழுத்தம் பார்த்தீர்களா?

உங்கள்,
துரய்யா


ஐன் பல்லூத்
15 நவம்பர் 1994

மகளே,

நலமா என்று கேட்கக்கூட மனசு நிற்கவில்லை. இதை லுவாஜ் வாடகை வண்டி ஓட்டுகிற ஷாபானிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போடவில்லை. காரணம் பிறகு.

உன் கடிதத்தில் பென்சில் உருண்டது என்று இருந்ததே, அதை மூன்று தடவை படித்தேன். கொத்தனார் பில்காஸிம் முடிவெட்ட வந்தான். அவன்தான் இந்தப் பக்கத்தில் எல்லா வேலையும் எடுக்கிறவன். பேச்சுவாக்கில் கேட்டேன்: "பழைய சுவர் மேல புதுக் கூரை போட்டா எத்தன நாள் தாங்கும்?"

"கல்லும் களிமண்ணுமா வச்ச சுவர் அது. லேசான ஓட்டுக் கூரைக்குன்னு கட்டினது. அது தலையில இப்ப காங்கிரீட்டத் தூக்கி வச்சிருக்கோம். வெயில் காலத்துல நிக்கும்."

"மழைக்கு?"

"அடியில மண்ணு கரையிற வரைக்கும் நிக்கும்."

கத்தரிக்கோலை நிறுத்திவிட்டேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "நம்ம சுவரப் பத்தியா கேக்கறே?"

"இல்லப்பா. எம் மக ஊர்ல."

"அப்ப சரி" என்றான். நான் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு பக்கக் கிருதா மேலே போய்விட்டது, அப்படியே காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது கவனி. நம் ஊர் தபால் அதிகாரி தலைவரின் மைத்துனர். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து டீ மட்டும்தான் போடுகிறார் என்று யாரும் நம்புவதில்லை; ஆவி பட்டால் உறையின் பசை விட்டுவிடும். என் முதல் கடிதத்தை நினைத்தாலே எனக்குக் காது சூடாகிறது. சுவர், விரிசல், மராமத்து என்று இனிமேல் எழுதாதே. நம் குடும்பத்தில் ஸுபைதா என்று ஒரு அத்தை இருப்பதாக வைத்துக்கொள். அத்தைக்கு உடம்பு எப்படி என்று நான் கேட்பேன், நீ சொல். விரிசலுக்குக் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டி வை. கிழிந்தால் அத்தைக்குக் காய்ச்சல்.

மேசையை இன்றைக்கே நகர்த்து. இன்றைக்கே.

பாபா


ஹென்ஷிர் லூஸ்
11 டிசம்பர் 1994

அன்புள்ள பாபா,

இங்கே அனைவரும் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. குதிரை வண்டிகள்கூடச் சேற்றில் நிற்கின்றன.

அத்தை ஸுபைதாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொன்னபடி கட்டுப் போட்டேன். முதல் மழைக்கு அடுத்த நாள் நடுக்கட்டு கிழிந்திருந்தது. புதிதாகப் போட்டேன், அதுவும் கிழிந்தது. இப்போது அத்தையின் வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. ஆப்பிரிக்காச் சட்டையைப் போட்டு மறைத்தாலும் தெரிகிறது.

குடும்பத் தலைவர் ஸி அம்மாரிடம் பேசினேன். மோசமான மனிதர் இல்லை, பாபா. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "மகளே, அத்தை நம்ம வீட்டுல நிக்கிற வரைக்கும்தான் இதுக்கு வைத்தியம்னு பேரு. அவளை நாமளே வெளிய அனுப்பினா எனக்குக் கொலைக் குற்றம், ஜெயில். கையெழுத்து என்னோடது. எனக்கு நாலு பொண்ணுங்க." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைங்கள எதிர்ப்பக்கம் தள்ளி ஒக்கார வச்சுக்க" என்றார். அவரும் தெரிந்துதான் வைத்திருக்கிறார். அவருடைய கடைக்குட்டிப் பெண் என் வகுப்புதான். வருஷ ஆரம்பத்திலிருந்தே அவளை வாசல் ஓரம் உட்கார வைக்கச் சொன்னவர் அவர். கண் பார்வை சரியில்லை என்று காரணம் சொன்னார்.

எல்லாப் பிள்ளைகளையும் வாசல் பக்கம் நெருக்கி உட்கார வைத்துவிட்டேன். அதற்கு மேல் இடமில்லை. அதனால் என் மேசை மட்டும் அத்தை பக்கத்திலேயே இருக்கிறது.

உம்மிக்கு முத்தங்கள்.

துரய்யா


ஐன் பல்லூத்
20 டிசம்பர் 1994

மகளே துரய்யா,

நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். இதையும் ஷாபான் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் நடப்பதைக் கேள்.

உன் அம்மாவுக்கு உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண் நஸீஹா படித்துக் காட்டுகிறாள் என்பதை மறந்துவிட்டேன். "அத்தை ஸுபைதாவின் வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது" என்ற இடத்தில் உன் அம்மா நிறுத்தச் சொன்னாளாம். நான் கடையிலிருந்து வந்ததும் சோறு இல்லை. "முப்பது வருஷமா உங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரையும் குளிப்பாட்டி அடக்கம் பண்ணது நான்தான். இந்த ஸுபைதா எங்கேருந்து வந்தா? வயித்துல என்ன அவளுக்கு? அதுக்கு எம் மக ஏன் கட்டுப் போடணும்?" கடைசியில் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சந்தேகப்பட்டபோது கத்தியவள், உண்மை தெரிந்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது நினைத்தால், எனக்கு ஒரு ஸுபைதா இருந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

நீ செய்தது சரியில்லை. பிள்ளைகளை நகர்த்திவிட்டு நீ அங்கே உட்காருவாயா? உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடு. டாக்டர் சீட்டு நான் வாங்கித் தருகிறேன். டாக்டர்களும் முடிவெட்டிக்கொள்ளத்தான் வேண்டும். உன் வேலை போனால் போகட்டும், பாபா முடிவெட்டிச் சோறு போடுவேன்.

வீட்டுக்கு வா. அம்மா கூஸ்கூஸ் கிண்டி வைக்கிறேன் என்கிறாள்.

பாபா


ஐன் பல்லூத்
10 ஜனவரி 1995

துரய்யாவுக்கு,

பதில் வரவில்லை. வந்த கடிதத்தை யாராவது வைத்துக்கொண்டார்களோ என்று தபால் நிலையத்துக்குத் தினமும் போகிறேன். அதிகாரி சிரித்துக்கொண்டே, "என்ன ஸி லஸ்ஹர், அத்தைக்கு இன்னும் கொணமாகலயா?" என்று கேட்கிறார். அப்படியானால் படிக்கிறார். படித்தாலும், நீ எழுதிய கடிதம் வந்திருந்தால் எனக்குக் கொடுத்திருப்பார். அப்படியானால் நீ எழுதவில்லை. எழுதவில்லை என்றால்? இப்படியே போய்ப் போய் ஒரு இடத்தில் போய் நிற்கிறேன், அந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

மழை விடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் லுவாஜ் போகவில்லை என்று ஷாபான் கைவிரித்துவிட்டான். தொலைபேசி போட்டுப் பார்த்தேன், கம்பி அறுந்து கிடக்கிறதாம். நேற்று ஒரு வாடிக்கையாளரின் காதில் கத்தியை வைத்துவிட்டேன். நல்ல மனிதர், "பரவாயில்ல, இன்னொன்னு இருக்கு" என்றார்.

ஒரு வரி போதும். அத்தை எப்படி என்றுகூட வேண்டாம். நீ எப்படி?

பாபா


ஹென்ஷிர் லூஸ்
22 ஜனவரி 1995

அன்புள்ள பாபா,

நான் சுகம். பாலம் மூடியிருந்ததால் தபால் போகவில்லை. அத்தை அப்படியேதான் இருக்கிறாள். பயப்பட வேண்டாம். குளிரில் விரல் விறைக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

துரய்யா


ஐன் பல்லூத்
9 பிப்ரவரி 1995

அன்பு மகளே,

நோன்பு மாதம் நல்லபடியாக நடக்கிறது. உனக்கும் அப்படியே இருக்கட்டும். அம்மா தினமும் உன் பங்கு சூப்பையும் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எனக்கே ஊற்றுகிறாள்.

உன் கடிதம் வந்த அன்று தொழுதேன், அழுதேன், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். உன் எழுத்து உனக்கு முதல் வகுப்பில் வந்த எழுத்து மாதிரி இருக்கிறது. எல்லா எழுத்தும் இடப்பக்கம் விழுகின்றன. குளிர் என்றாய். ஆனால் மகளே, நான் கையை வைத்துப் பிழைக்கிறவன். விறைத்த கை நடுங்கும். இது நடுங்கவில்லை, தெரியாத வேலையைச் செய்கிறது. எந்தக் கையால் எழுதினாய்?

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாததும் ஒரு விதத்தில் நல்லதாகிவிட்டது. நோன்புப் பெருநாளைக்கு நீ வராவிட்டால் நான் வருவேன். கோட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு முழுக்கப் போகவில்லை.

பாபா


ஹென்ஷிர் லூஸ்
14 மார்ச் 1995

என் பாபாவுக்கு ஸலாம்.

பெருநாள் வாழ்த்துகள், தாமதமாக. நான் வரவும் முடியவில்லை, உங்களை வரவேண்டாம் என்று தந்தி அடித்ததற்கும் கோபித்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே தபாலில் போடுகிறேன். படிக்கிறவர் டீயோடு படிக்கட்டும்.

ஜனவரியில், மழை நின்ற ஒரு காலையில், நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து ஒரு கல் வந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ உள்ளிருந்து மெதுவாகத் தள்ளின மாதிரி வரைபடத்தை உப்பவைத்து, கிழித்து, என் நாற்காலியில் இறங்கியது. வரைபடத்தைப் பிடிக்கப் போன என் வலது கையை வழியில் தட்டிவிட்டுப் போனது. எலும்பு முறிவு. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று, இதை வலது கையால்தான் எழுதுகிறேன், எழுத்தைப் பாருங்கள். பிள்ளைகளில் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. அன்றைக்கு ஸி அம்மார் அந்த ஓட்டையைச் சாக்கை அடைத்து மூடி, மேலே சுண்ணாம்பு அடித்தார்.

அதற்குப் பிறகு கல்வி ஆய்வாளர் வந்தார். எல்லா அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்: "ஒண்ணும் குறையில்லையே?" ஸி அம்மார் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். என் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், பாபா. "ஐயா, இந்தச் சுவர் விழப் போகிறது. எல்லாருக்கும் தெரியும்" என்றேன். சின்ன வாக்கியம்தான். சொல்லும்போது மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது சுவர் இல்லை. மறுநாளே இடித்துவிட்டார்கள். கூரை முட்டுக் கொடுத்து நிற்கிறது, அறைக்குப் பூட்டு. ஸி அம்மாரை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கிறார்கள். புது அனுமதி எப்போது வருமோ. பிள்ளைகள் மசூதித் தாழ்வாரத்தில் படிக்கிறார்கள். தாய்மார்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "ஒரு கைக்காகப் பள்ளிக்கூடத்தையே மூட வச்சவ" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். ஸி அம்மாரின் கடைக்குட்டி மட்டும் இன்னும் எனக்கு ஸலாம் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பாபா, ஒன்று கேட்க வேண்டும். அக்டோபரில் ஒரு சுவரைப் பற்றி எழுதினீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கடிதத்தில் என் சுவரைப் பற்றிக் கேட்டீர்கள், உங்கள் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உம்மி வியாழக்கிழமைதோறும் ரத்த அழுத்தம் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போகிறாளே, அங்கே எந்த பெஞ்சில் உட்காருகிறாள்?

நம் ஊர் அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

துரய்யா


ஹென்ஷிர் லூஸ்
23 ஏப்ரல் 1995

பாபா,

என்னை வேறு பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள், அடுத்த மாதம் போக வேண்டும். நீங்கள் நலமா? பதில் இல்லை. அங்கே பாலம் ஏதும் உடையவில்லையே?

அத்தை எப்படி?

து.


ஐன் பல்லூத்
19 மே 1995

என் கண்ணே துரய்யா,

பாலம் உடையவில்லை. உன் இரண்டு கடிதமும் ஒழுங்காக வந்தன, பசை காய்ந்த விதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காகப் படிக்கவும் பட்டிருக்கின்றன. தபால் அதிகாரி இப்போதெல்லாம் என்னிடம் அத்தையை விசாரிப்பதில்லை. தாமதத்துக்குக் காரணம் இடுப்பு வலி என்று எழுதலாம். எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

உன் கையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அடிக்க வந்தாள், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று. எனக்கும் தெரியாது என்றேன். "தெரிஞ்சுதானே அழுதீங்க" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில். அம்மா எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில்தான் உட்காருகிறாள். டிசம்பரிலிருந்தே. நான்தான் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன். அந்தச் சுவரோரத்திலும் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. அங்கே யாராவது உட்காரப் போனால் நான் இங்கிருந்து கூப்பிடுவேன்: "அங்க ஒக்காராதீங்கம்மா, குளிர் காத்து வருது, இப்படி வாங்க." கைக்குழந்தைக்காரி என்றால் எழுந்து என் இடத்தையே கொடுப்பேன். குளிர்காலம் முழுக்க அந்தப் பெஞ்சு காலியாகவே இருந்தது. நர்ஸ் லெல்லா ஸக்கியா என்னைக் 'காத்து லஸ்ஹர்' என்று கூப்பிடுகிறாள். "இந்த ஊர்லயே நோயாளியில்லாம டூட்டி பாக்குற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். குடுமியிலிருந்து காற்றுக்கு வந்துவிட்டேன். வியாழன் தவிர மற்ற நாளில் அந்தப் பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்காதே. நான் கடையில் இருக்கிறேன்.

சுவருக்குப் பிப்ரவரியில் வெள்ளை அடித்தார்கள். இப்போது வெள்ளைக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது.

உன் மார்ச் கடிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு சபைக் கூட்டத்துக்குப் போனேன். நம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு கொட்டகை வேண்டுமாம். வரம்பு இடிக்கிறதாம், அதையும் ஒரு சுவரை விட்டுவிட்டு மராமத்தாகச் செய்துவிடலாமாம். தலைவர், "வேற யாராவது பேசணுமா?" என்றார். நான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடை சபையுடையது, வருஷா வருஷம் வாடகைச் சீட்டில் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அந்தக் கண்ணாடியும் நாற்காலியும் என்பது அந்த ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. நீ மேசையைப் பிடித்துக்கொண்டதாக எழுதினாயே, எனக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தலைவர் சிரித்தார்: "என்ன ஸி லஸ்ஹர், முதுகுல இன்னும் சுண்ணாம்பு இருக்கான்னு காட்டறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதில் நான்தான் எப்போதும் முதல்.

புதுப் பள்ளிக்குப் போனதும் சுவர்களைத் தட்டிப் பார். அம்மா ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை உப்பிட்டு உலர்த்தி வைத்திருக்கிறாள், ஷாபானிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையை முத்தமிடுகிறேன், வலது கையை.

உன் பாபா,
லஸ்ஹர்

கையெழுத்துப் போட்டுவிட்டேன், உறையில் போட மனசு வரவில்லை. நேற்று வியாழன். தெற்கிலிருந்து அனல் காற்று ஆரம்பித்துவிட்டது, நிலையத்துக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், தோளில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. நேராக அந்தப் பெஞ்சுக்குப் போனாள். நான் வழக்கம்போலக் கூப்பிட்டேன்: "அங்க வேண்டாம் மகளே, காத்து வரும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வரட்டும் மாமா, காத்துதான் வேணும். புள்ளைக்குப் புழுங்குது" என்று சொல்லி உட்கார்ந்து, முதுகை அந்தச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். நான் எழுந்து போய் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. காலருக்குள் மண் விழுந்தது. குழந்தை என் மீசையைப் பிடித்து இழுத்தது, அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவளை உள்ளே கூப்பிடும்வரை ஒரு வாக்கியம் என் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது, நீ சொன்ன அதே சின்ன வாக்கியம்:

எழுந்திரு மகளே, இந்தச் சுவர் விழப் போகிறது.